வெயில் பிடித்து ஏறிய பிச்சிக்கொடி

வெயிலுகந்தான்பட்டியில் அம்மனுக்கே கூரை கிடையாது. ஓலை வேய்ந்த காலத்தில் ஓலை பறந்தது, ஓடு போட்ட காலத்தில் ஓடு சரிந்தது, கடைசியாகக் காங்கிரீட் போட வந்த ஒப்பந்தக்காரரின் கனவில் அம்மனே வந்து, "எனக்கு வேர்க்குதுன்னு ஒங்கிட்ட யாருய்யா சொன்னா?" என்று கேட்க, அவர் விடிந்ததும் கொட்டிய ஜல்லியைத் திரும்ப அள்ளிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து அந்த ஊரில் வெயிலைப் பற்றி யாரும் குறை பேசுவதில்லை. பேசினாலும் மாமியாரைப் பற்றிப் பேசுவதுபோல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

வெயிலைக் குறை சொல்லாததோடு நிற்காமல் அதை வேலை வாங்கவும் தெரிந்தவள் அந்த ஊரில் ஒருத்தி இருந்தாள். அவள் சொர்ணத்தாய். மோர்மிளகாய், சுண்டைவத்தல், மிதுக்குவத்தல், கூழ்வத்தல் என்று அவள் காயவைத்துக் கொடுப்பதைக் கோவில்பட்டிக் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். வெயிலில் அவளுக்கு வகை தெரியும். காலை வெயில் ஈரத்தை எடுக்கும், உச்சி வெயில் நிறத்தை எடுக்கும், சாயங்கால வெயில் மணத்தை உள்ளே வைத்து மூடிவிடும் என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில், வெயிலைத் தானே மாவு பிசைந்து தட்டிப் போட்டது மாதிரி ஒரு தெளிச்சி இருக்கும்.

அவள் வீடு மேற்கே, கிழக்குப் பார்த்து இருந்தது. அவள் கொழுந்தன் பூதத்தானின் வீடு எதிரே, மேற்குப் பார்த்து இருந்தது. இரண்டுக்கும் நடுவே பொது வாசல், அதன் நடுவில் ஒரு பெரிய பூவரச மரம். ஐப்பசிக் காற்றில் அந்தப் பூவரசு வேரோடு சாய்ந்தது. மறுநாள் காலையில் அத்தனை வருஷமும் மரத்தில் தங்கியிருந்த வெயில் மொத்தமாக வாசலில் இறங்கியது. சொர்ணத்தாய் பாயை விரித்தாள். எதிர்வீட்டில் பூதத்தான் பெண்டாட்டி நாகவடிவு கதவைச் சாத்தினாள். அவளுக்குக் கைப்பிள்ளை. மத்தியானம் திரும்பினால் சூரியன் நேரே அவள் வீட்டுக்குள் நுழைந்து, பொங்கலுக்கு வந்த விருந்தாளிபோல அந்திவரை எழுந்திருக்காது. பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

மரம் போன இடத்தில் இனி என்ன வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

"எக்கா, நடுவுல நாலு கால் நட்டு ஒரு பந்தல் போட்டு, எங்கம்மை வீட்டுப் பிச்சிக்கொடியை ஏத்திவிட்டா, வீடே குளுந்துரும்" என்றாள் நாகவடிவு. அவள் நாஞ்சில் நாட்டுக்காரி. பூவும் தண்ணீரும் உள்ள ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"பந்தல் போட்டா வத்தலை எங்கட்டி காயப்போட? ஒந் தலையிலயா?"

"எங்க வீட்டுக்குள்ள வந்து போடுங்க, நல்லாக் காயும். மத்தியானம் சுவத்துல தோசையே சுடலாம்."

சொர்ணத்தாய்க்கு வேண்டியது செடி. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, விருட்சி என்று இடுப்பளவுக்கு வளர்ந்து, ஓரமாக நின்று பூத்துவிட்டு, வெயிலுக்கு வழிவிடுகிற செடி. பதியன்களைப் பழைய பெயிண்ட் வாளிகளில் வைத்துத் தன் சுவரோரம் அடுக்கியும் விட்டாள்.

"செடின்னா ஒரு தடவ வச்சா ஆயுசுக்கும் இருக்கும். வெட்டினா தழைக்கும், விட்டா பூக்கும். தங் கால்ல நிக்கும், யார் தோளையும் கேக்காது. ஒங் கொடிக்கு என்ன தெரியும்? அடுத்தவன் தோள்ல ஏறிக்கிட்டு, நாந்தான் ஒசரம்னு ஆடத் தெரியும்."

"தோள் குடுக்க ஆள் இருந்தா ஏறுறதுல என்னக்கா தப்பு?"

"ஏறவிட்டவளைக் கேட்டுப் பாரு, தப்பு தெரியும்."

இப்படி மார்கழி போனது, தை வந்தது. சொர்ணத்தாயின் புருஷன் கோமதிநாயகமும் தம்பி பூதத்தானும் ஆளுக்கொரு பக்கம் பேசப் போய், செடியும் கொடியும் போய், பள்ளிக்கூடக் காலத்தில் உடைந்த ஒரு பம்பரம் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. ஊர்த்தலைவர் வைத்திலிங்கம் மாமா வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாகம் பிரியாத மண்ணில் யார் கால் நடுகிறாரோ அவருக்கே அந்தக் காலடி மண் சொந்தம். அதற்குப் பயந்து கல்யாணப் பந்தலைக்கூட அங்கே மண் நிரப்பிய டிரம்மில்தான் நிறுத்துவார்கள். ஆகவே மாமா இப்படித் தீர்ப்புச் சொன்னார்: "ஆவணி பிறக்கிறதுக்குள்ள ரெண்டு பொம்பளைகளும் ஒரே வார்த்தை சொல்லணும். செடின்னா ரெண்டு பேரும் செடி, கொடின்னா ரெண்டு பேரும் கொடி. சொல்லலைன்னா நடுவுல சுவரை எழுப்பி அவரவர் பாதியில அவரவர் இஷ்டம். அதுவரைக்கும் யாரும் கால் நடப்பிடாது."

"கால்னு மொட்டையாச் சொன்னா எப்படி மாமா?" என்று சொர்ணத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "கம்பு, கால், கயிறு, கம்பி எதுவும் கூடாதுன்னு சொல்லுங்க."

"கொடியை மட்டும் மண்ணுல வச்சுக்கிடலாமில்லா?" என்றாள் நாகவடிவு.

"வச்சுக்கோ. தரையில படுத்துக் கெடக்கட்டும்."

நாகவடிவு சரி என்று சட்டென்று தலையாட்டியபோது சொர்ணத்தாய் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். ஏற இடமில்லாத கொடி எத்தனை நாளைக்கு? ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு கலக்கமும் இருந்தது. ஆள் உயரச் சுவர் ஒன்று நடுவில் எழுந்தால் கிழக்கு வெயில் அவள் பாதிக்கு வர வெகுநேரம் ஆகும். காலை வெயில் படாத வத்தல் இரண்டே மழையில் பூஞ்சை பிடிக்கும். எதிர்வீட்டுக்காரிக்கும் சுவரால் சுகமில்லை. மேற்கேயிருந்து வரும் கொஞ்சக் காற்றையும் அது தின்றுவிட்டு, சூட்டை மட்டும் அடுப்புக்கல்போல அவள் பக்கம் துப்பும். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே இரண்டு பேரும், மற்றவள் முதலில் இறங்கிவரட்டும் என்று இருந்தார்கள்.

வாசலுக்கு நட்ட நடுவில், பூவரசின் வேர் கிடந்த பள்ளத்தில், நாகவடிவு பிச்சியை ஊன்றினாள். அது தரையோடு தரையாய் ஊர்ந்தது. வத்தல் பாய் ஓரம்வரை வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது.

பங்குனியில் ஒரு காலை, சொர்ணத்தாய் மோர்மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தபோது, கிழக்கு வீட்டுக் கூரைக்கு மேலாக வந்து அந்தப் பள்ளத்தில் விழுந்த வெயிலை, கொடியின் நுனி மெல்லத் தலைதூக்கிப் பார்த்தது. பிறகு கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பதுபோல அந்த வெயிலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. பால் காய்வதற்குள் ஒரு முழம் ஏறிவிட்டது. சொர்ணத்தாய் காக்கா விரட்டும் கம்பை எடுத்துக் கொடிக்கும் வானத்துக்கும் நடுவே வீசிப் பார்த்தாள். கம்பில் எதுவும் தட்டவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள். சூடாக இருந்தது, அவ்வளவுதான். முன்பின் தெரியாத சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிளகாய்ப் பாயை ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

நாகவடிவு பிள்ளையும் இடுப்புமாய் ஓடி வந்தாள். "எக்கா, சத்தியமா நான் எதுவும் கட்டல."

"தெரியுது. வெயில்லதான் ஏறுது."

"வெயில்ல ஏறலாமா?"

"கம்பு, கால், கயிறு, கம்பின்னுதான் சொன்னேன்" என்றாள் சொர்ணத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு. "வெயிலை விட்டுப்போச்சு."

வைத்திலிங்கம் மாமா சர்வேயரைக் கூட்டிவந்தார். சர்வேயர் சங்கிலியை இழுத்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கொடி போன திசையில் கண்ணைச் சுருக்கிக் கடைசிவரை பார்க்க முயன்று தும்மினார். "ஆக்கிரமிப்புன்னா ஆக்கிரமிச்ச பொருள்னு ஒண்ணு வேணும். வெயிலுக்குப் பட்டா கிடையாது" என்றார். சொர்ணத்தாய் கொடுத்த மோரைக் குடித்தார், தொட்டுக்கொண்ட மோர்மிளகாய் நன்றாக இருக்கிறது என்று ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஊர் அதைப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் எடுக்கவில்லை. வெயிலுக்குக் கோயில் வைத்திருக்கிற ஊருக்கு, வெயிலைப் பிடித்து ஒரு கொடி ஏறுவது, பக்கத்து ஊர்க்காரன் தம் கிணற்றில் தண்ணீர் எடுக்கிற மாதிரிதான் பட்டது. கேட்டுவிட்டு எடுத்தால் சரி. பூசாரியிடம் போய், கொடிக்குக் குங்குமம் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். "அம்மன் வெயிலை மட்டுந்தான் வச்சிருக்கா, அதுல யாரு ஏறுறா எறங்குறான்னு கணக்குப் பாக்கிறதில்ல. வச்சவ தண்ணி ஊத்தட்டும், அது போதும்" என்று அவர் தீர்த்துவிட்டார். லைன்மேன் வந்து ஒரு மின்கம்பியைத் தெற்கே ஓரடி தள்ளிக் கட்டினார். காலையில் கொடி கிழக்கே சாய்ந்து நாகவடிவு வாசலுக்கு மேலாகப் போகும், உச்சியில் செங்குத்தாய் நிற்கும், சாயங்காலம் மேற்கே சாய்ந்து சொர்ணத்தாய் வாசலில் வந்து படுக்கும். கொடி நிமிர்ந்ததைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தார்கள், சாய்ந்ததைப் பார்த்து மாடு திரும்பியது. மேற்கே படுத்த கொடி ராத்திரியில் எப்போது புரண்டு கிழக்கே திரும்புகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. தூங்குகிற பிள்ளை தலைமாடு கால்மாடு மாறிக் கிடப்பதை எந்த வீட்டில் கேள்வி கேட்கிறார்கள்?

சித்திரையில் பூக்கத் தொடங்கியது. உச்சிவேளையில் அதன் நுனி கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய்விட்டதால், காற்றடித்த பக்கத்து ஊர்களில் எல்லாம் பூ உதிர்ந்தது. ஒருநாள் வடக்கே மூன்றாவது ஊரிலிருந்து நாலைந்து பெண்கள் தலைவாசலில் வந்து தயங்கி நின்றார்கள். "அக்கா, ஒங்க ஊரு பூ எங்க தெருவுல விழுது. நாங்க பெறக்கிக்கிடலாமா?"

நாகவடிவு உள்ளே இருந்தாள். சொர்ணத்தாய்தான் பதில் சொன்னாள். "விழுந்தாச்சுன்னா ஒங்க பூ. இதுக்கா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீக? இருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க." சொல்லிவிட்டு, யார் கொடிக்கு யார் நாட்டாமை செய்கிறோம் என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. கொடியின்மேல் சொல்ல ஒரு குற்றமும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தலைக்கு மேலே அத்தனை பெரிய கொடி போகிறது, கீழே வத்தல்மேல் ஒரு புள்ளி நிழல் இல்லை. வெயிலைப் பிடித்தே ஏறுகிறதால் அதன் நிழல் முழுவதும் அதன் காலடியிலேயே விழுந்துவிட்டது. சூரியன் நகர நகரக் கொடியும் கூடவே சாய்ந்ததால் அந்த நிழல் இருந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. உலகத்தில் மற்ற நிழல்கள் எல்லாம் காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமுமாக அலைந்துகொண்டிருக்க, இது மட்டும் வாசல் நடுவில் கல் மாதிரி கிடந்தது. முதலில் ஒரு முறம் அளவு. வைகாசியில் கொடி தடிக்க, ஒரு பாய் அளவு.

அந்தப் பாய் அளவில் நாகவடிவு பிள்ளையைக் கிடத்தினாள். வெயிலை உகந்த அம்மன் பேரைத்தான் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள், கூப்பிடுவது உகந்தா. காலையிலிருந்து அந்திவரை பாயை நகர்த்தவே வேண்டாம். சுற்றிலும் சொர்ணத்தாயின் வத்தல்கள், நடுவில் பிள்ளை. காக்கா விரட்ட உட்கார்ந்திருந்த சொர்ணத்தாய் எதை விரட்டுகிறோம் எதைக் காக்கிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் இரண்டையும் சேர்த்தே காத்தாள்.

"கூலி குடுக்கணுமாக்கா?" என்று நாகவடிவு உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"ஒம் பிள்ளை எம் மிளகாயை எடுத்து வாயில வைக்காம இருந்தா அதுவே கூலி."

"வச்சா வைக்கட்டும். பெரியம்மையை மாதிரி வாய் ஒறைக்கும்."

சாயங்காலங்கள்தான் சொர்ணத்தாய்க்குச் சிரமமாக இருந்தன. மொட்டு வெடிக்கிற நேரம் பார்த்துக் கொடி அவள் நிலைப்படியில் வந்து தலையை வைத்துப் படுக்கும். முதலில் அதைத் தாண்டிப் போனாள். பிறகு சுற்றிப் போனாள். பிறகு, உதிர்ந்து வீணாகிறதே என்று கொஞ்சம் எடுத்தாள். ஒருநாள் அவள் தலையில் பிச்சிப்பூவைப் பார்த்துக் கோமதிநாயகம், "என்னளா, கொடி பிடிக்காதுன்ன?" என்றார்.

"தலைவலிக்கு நல்லதுன்னாக" என்றாள்.

"ஒனக்கு எப்ப தலை வலிச்சுச்சு?"

"இப்ப நீங்க கேக்கவும் வலிக்கு."

ஆனால் கொடி என்கிற அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. வீம்பு பாதி. மீதி பயம். இன்றைக்குக் கொடி என்று சொன்னால் நாளைக்குக் கொடிக்குப் பந்தல் என்பார்கள், நாலு கால் வரும், கூரை வரும், வெயில் போகும். எதிர்வீட்டிலும் அதே கணக்குத்தான். செடி என்று சொன்னால் நடுவிலிருக்கும் கொடியைப் பிடுங்கு என்பார்கள், பிள்ளைக்கு இருக்கிற ஒரு பாய் நிழலும் போகும். ஆனியும் ஆடியும் இப்படியே கழிந்தன. ஆடிக் கடைசியில் பூதத்தான் தன் லோடு ஆட்டோவில் கல்லைக் கொண்டுவந்து இறக்கினான். கோமதிநாயகம் மணல் அடித்தார். சுவர் எழுப்புவதில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் கைலாகு கொடுத்துக்கொண்டார்கள்.

ஆவணி பிறந்தது. கொத்தனார் சவரிமுத்து வந்து நூல் பிடித்தார். வடக்கேயிருந்து ஒரு ஆளும் தெற்கேயிருந்து ஒரு ஆளுமாக முழங்கால் ஆழத்துக்கு அஸ்திவார வானம் தோண்டிக்கொண்டே நடுவுக்கு வந்தார்கள். நடுவில் கொடி. கொடியின் காலடியில் நிழல். நிழலில் உகந்தா தூங்கிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. வைத்திலிங்கம் மாமா நாற்காலியில் இருந்தார்.

"பிள்ளையைத் தூக்குங்க தாயி" என்றார் சவரிமுத்து. "கொடியை அறுத்தாத்தான் நூல் நேராப் போகும்."

யாரும் அசையவில்லை. மாமா இரண்டு பெண்களையும் பார்த்தார். "கடைசியாக் கேக்கேன். ஒரே வார்த்தை இருக்கா, இல்லையா?"

சொர்ணத்தாய் நாகவடிவைப் பார்த்தாள். நாகவடிவு சொர்ணத்தாயைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்த நிழல் நகர்ந்தது. பாய் அளவு நிழல் பாயைத் தாண்டி வழிந்து, வத்தல்மேல் ஏறி, இரண்டு வீட்டையும் மூடி, தெருவுக்கும் போனது. ஆஹா, குளுமை என்று கூட்டம் ஒரு மூச்சு விட்டது. அடுத்த மூச்சில் எல்லோரும் மேலே பார்த்தார்கள். மேற்கேயிருந்து யானை மாதிரி ஒரு மேகம் வந்து சூரியனைத் தனக்குள் போட்டுக்கொண்டிருந்தது. சின்ன மேகம் வந்தால் கொடி கொஞ்சம் தொய்யும், மேகம் நகர்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும். இப்போது பிடித்திருந்த கயிறு கையை விட்டுப் போனவன் மாதிரி அது அந்தரத்தில் ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு, பங்குனியிலிருந்து ஏறிய ஏற்றம் அத்தனையும், பூவும் தழையும் மொட்டுமாக, பிள்ளை தூங்குகிற இடத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது.

சொர்ணத்தாய் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்போது அவள் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி, காக்காக் கம்பை உயரப் பிடித்து நின்றாள். கொடியின் நுனி கம்பைத் தொட்டது. ஒரு சுற்றுச் சுற்றியது. கம்பிலிருந்து கைக்கு வந்தது, கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்தைச் சுற்றி மறு தோளுக்கு. வந்துகொண்டே இருந்தது. சுற்றுமேல் சுற்றாக, அவள் முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்து அடங்கியது. எவ்வளவு கனம் என்று பின்னால் கேட்டவர்களிடம், ஈரத்துணியைத் தோளில் போட்ட மாதிரி என்றுதான் சொன்னாள். அவள் பாதம் கணுக்கால்வரை மண்ணில் இறங்கியிருந்ததை ஊரே பார்த்தது.

"ஏளா, உதறிட்டு இங்கிட்டு வா" என்று கத்தினார் கோமதிநாயகம்.

"உதறினா அறுந்துரும்."

"அறுந்தா என்ன? நீதான வேண்டாம்ன?"

"வேண்டாம்னது வேற. எந் தோளை நம்பி எறங்கினது வேற. சும்மா இருங்க."

நாகவடிவு பிள்ளையை எடுத்துப் பூதத்தான் கையில் கொடுத்துவிட்டு வந்து, சொர்ணத்தாயின் பக்கத்தில் தோளோடு தோளாக நின்றாள். "எக்கா, கொஞ்சம் எந் தோளுக்கு மாத்துங்க."

"மெதுவா வாங்கு. மொட்டு உதிரும்."

இரண்டு பேரும் நின்றார்கள். மேகம் அவசரப்படவில்லை. கடைக்குப் போனவன் கதை பேசிக்கொண்டு நிற்பதுபோல நின்றது. ஊரும் கூடவே நின்றது. அப்படி நிற்கையில் சொர்ணத்தாய்க்கு எதிரே தெரிந்தது புதிதாகத் தோண்டிய வானம். நூல் பிடித்த நேர், முழங்கால் ஆழம், அடிமண் புரண்டு மேலே வந்து பொலபொலவென்று கிடந்தது. அதற்கு அப்பால் தன் சுவரோரம் பெயிண்ட் வாளிகளில் தையிலிருந்து வேர் சுருண்டு கிடக்கிற செம்பருத்தியும் நந்தியாவட்டையும்.

"ஒரு மேகத்துக்கு நாம ரெண்டு பேரும் நின்னுட்டோம்" என்றாள் மெல்ல. "ஐப்பசி அடைமழைக்கு எவட்டி நிப்பா?"

நாகவடிவும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். வாளிகளைப் பார்த்தாள். மழைக்காலத்தில் கொடிக்குத் தோள் கொடுக்கச் செடி நிற்கும் என்று அவளுக்கும் பட்டது.

"மாமா" என்றாள் சொர்ணத்தாய், இலைகளுக்குள்ளிருந்து, ஊருக்கே கேட்கிற குரலில். "நான் சொல்லுதேன். கொடி."

கூட்டம் சலசலத்தது. நாகவடிவு தொண்டையைச் செருமினாள். "நான் சொல்லுதேன். செடி."

மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்னம்மா இது, இப்பவும் ரெண்டு வார்த்தையால்ல இருக்கு? ஒரே வார்த்தைன்னுல்லா தீர்ப்பு!"

"நேத்துவரைக்கும் அவ கேட்டதை இன்னிக்கு நான் கேக்கேன், நான் கேட்டதை அவ கேக்கா. ரெண்டு பேரும் விட்டுக்குடுத்தது ஒரே அளவு. சந்தேகமா இருந்தா சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துக்கிடுங்க. ஆனா பந்தல் கெடையாது."

"கால் நடமாட்டேன்க்கா. எனக்கு எதுக்குப் பந்தல்? நிழல்தான் ஒரே இடத்துல கெடக்கே."

மாமா தாடையைத் தடவினார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கொத்தனாரே, நூலைச் சுத்தும்" என்றார் கடைசியில்.

"நூலை அப்பறம் சுத்தலாம். வானம் அருமையாத் தோண்டியிருக்கீரு" என்றாள் சொர்ணத்தாய். "கல்லை அங்கயே போட்டுட்டு அந்த வாளியெல்லாம் எடுத்துட்டு வாரும். செம்பருத்தி கொடிக்குப் பக்கத்துல. அரளி கடைசியில, பிள்ளை கைக்கு எட்டாத எடத்துல. ஏய்யா பூதத்தா, பிள்ளையை வச்சுக்கிட்டு ஆடு திருடினவன் மாதிரி முழிக்காம, உங்க அண்ணங்கூடச் சேந்து மண்ணைத் தள்ளு."

சவரிமுத்து வாழ்நாளில் எத்தனையோ வானம் தோண்டியிருக்கிறார். அதில் பூச்செடி நட்டது அன்றைக்குத்தான். கடைசி நந்தியாவட்டைக்கு மண் அணைத்தபோது மேகம் விலகியது. ஒரு துண்டு வெயில் வாசலில் விழ, கொடி அதைக் கண்டுகொண்டு நுனி நுனியாகப் பிரிந்து, கழுத்திலிருந்தும் தோளிலிருந்தும் கையிலிருந்தும் கழன்று, கம்பை விட்டு மேலே போனது. ஒரே ஒரு தளிர் மட்டும் சொர்ணத்தாயின் கொண்டையைச் சுற்றிக்கொண்டு போக மனசில்லாமல் இருந்தது. அவளே அதை விரலால் எடுத்து வெயிலில் விட்டாள்.

இறக்கிய கல் வீணாகவில்லை. அம்மன் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டக் கொடுத்தார்கள். கூரைக்கு இல்லை என்று பூசாரி மூன்று தரம் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே ஊருக்கு மறந்துபோகும் அளவுக்குப் பெய்தது. பிச்சிக்கொடி இறங்கிவந்து, இடுப்பளவு வளர்ந்திருந்த செடிகளின்மேல் தலையை இங்கும் உடம்பை அங்குமாகப் போட்டுப் படுத்துக்கொண்டது. செம்பருத்திச் சிவப்புக்கு நடுவே பிச்சி வெள்ளையாகப் பூத்தது. எது எதன் பூ என்று பறிக்கிறவர்கள் பார்க்கவில்லை. செடிகள் கொஞ்சம் குனிந்தன, ஒடியவில்லை. செடிவரிசைக்கு மேலாகவே சொர்ணத்தாயும் நாகவடிவும் குழம்புக் கிண்ணத்தைக் கைமாற்றிக்கொண்டார்கள். அந்த உயரத்துக்குத்தான் அவர்கள் செடியைக் கத்தரித்திருந்தார்கள்.

கார்த்திகை பிறக்கும் முன்னே ஒரு காலையில் வானம் வெளுத்தது. சொர்ணத்தாய் வத்தல் பாயை உதறி விரித்தாள். உகந்தா செடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். கிழக்குக் கூரையைத் தாண்டி முதல் வெயில் வந்ததும், கொடி செம்பருத்தியின் தோளிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கியது.

"போ, போ" என்றாள் சொர்ணத்தாய் அதைப் பார்த்து, பாயின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே. "சாயங்காலம் எவ வாசல்ல வந்து படுக்கன்னு பாக்கத்தான போறேன்."